இரண்டாவது பூட்டின் சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அப்பா முன்னறையில் சன்னலோரம் உட்கார்ந்து, தெருமுனையில் திரும்பும் ஒவ்வொரு பேருந்தும் எத்தனை நிமிடம் தாமதம் என்று யாரும் கேட்காமலே அறிவித்துக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆயிற்று. வேலை அவரை விடவில்லை. உன் அண்ணி நலம். உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று தெரியும். நீயும் உன் அண்ணியும் தொலைபேசியில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும்.

இத்துடன் நம் வட்டச் செய்தி மடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கம், கீழ் மூலை. படித்துப் பார். 'வட்ட அலுவலக வாசலில் நெடுங்காலம் மக்கள் சேவையாற்றிய ஆலோசனைப் பெட்டி, அலுவலகம் புதிய கட்டடத்துக்கு மாறுவதை முன்னிட்டு ஓய்வு பெறுகிறது. இனிக் குடியிருப்போர் தங்கள் கருத்துகளைத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.' சேவையாற்றியதாம். ஓய்வு பெறுகிறதாம். மாலை போட்டுப் படம் எடுக்காததுதான் குறை. இந்த நான்கு வரிகளின் பின்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மடல் இன்னும் மாதம் தவறாமல் வருகிறது. எட்டுப் பக்கத்தில் வட்ட உறுப்பினரின் படம் ஐந்து, ஐந்திலும் எதற்காவது ரிப்பன் வெட்டுகிறார். அப்பா அவருக்கு வைத்த 'ரிப்பன்' என்ற பெயர் இப்போது தெரு முழுக்கப் பரவிவிட்டது. சென்ற மாதம் பதினெட்டுப் புதிய தெருவிளக்குகள் போட்டதாகப் பெரிய எழுத்தில் செய்தி. நான் நடந்தே போய் எண்ணினேன். பதினொன்று இருந்தன. அவற்றில் ஏழு ரிப்பன் வீட்டுத் தெருவில் இருக்கின்றன. அங்கே ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். நம் தெருவில் சாக்கடை மூடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. தையல்காரர் அதன்மேல் பழைய நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அந்த நாற்காலிதான் இந்த எட்டு மாதத்தில் நமக்குக் கிடைத்த ஒரே வளர்ச்சிப் பணி. மடலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். பிழையே இல்லாமல் அச்சடித்த பொய்யை எந்தப் பேனாவால் திருத்துவது?

சுகாதார நிலையம் இருந்த கட்டடம் என்ன ஆயிற்று என்று நீ கேட்டிருக்க மாட்டாய். அங்கே வட்ட அலுவலகத்தின் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை மூடி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனபோது, இங்கே கட்டடம் பாதுகாப்பாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். மனிதர்களுக்குப் பாதுகாப்பு இல்லாத கூரை நாற்காலிகளுக்குப் போதும் போலிருக்கிறது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடமும் உன் அண்ணியிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இனிமேல் மறைப்பதாக இல்லை. அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களைச் சென்ற ஆண்டு எடுத்துவிட்டார்கள். சர்க்கரைப் புண். இங்கே நிலையம் இருந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் அவரே நடந்து போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பக்கம் போனபிறகு இரண்டு பேருந்து மாற வேண்டும். மேம்பாலப் படிகள் அறுபத்து நான்கு. நான் விடுப்பு எடுத்த நாட்களில் அழைத்துப் போனேன். மற்ற நாட்களில் நன்றாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்பார். நாளைக்கு என்பது வாரமாயிற்று. அறுவைக்குப் பிறகு கண்விழித்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் சொன்னார்: "பத்துப் பேர்ல ரெண்டு பேர் இறங்கிட்டாங்க, அவ்வளவுதானே. வண்டி ஓடுதுல்ல?" நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மனத்துக்குள் ரிப்பனைத் திட்டினேன். நம் தெருவைத் திட்டினேன். உன்னையும் திட்டினேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நிலையத்தை மாற்றப்போவதாக மடலில் அறிவிப்பு வந்து, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் எழுதித் தரலாம் என்று போட்டிருந்தபோது, வீடு வீடாகப் படியேறி எழுதச் சொன்னவன் நான். பதினொரு பக்கம் எழுதி, அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் கூட்டம் போட்டு, இருநூறு பேர் முன்னால், வந்தது ஒரே ஓர் ஆட்சேபம், அதுவும் வழக்கமான நபரிடமிருந்து என்று ரிப்பன் வாசித்தபோது மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் உன்னைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, நீ எழுதிப் போட்டாயா என்று கேட்டேன். "போட்டேன்ணே. பெட்டியிலதான் போட்டேன்" என்றாய். நான் நம்பவில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் தேர்வு எழுதாமலே எழுதினேன் என்று நீ சொன்ன பழைய கதையை இழுத்தேன். உன் மனைவி மேல்படியில் நின்றிருந்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அப்பா உள்ளேயிருந்து போதும் நிறுத்துடா என்றார். நான் நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே திரும்ப எழுதமாட்டேன். உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் நீ லிப்ட் கம்பெனியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய். போகும்போது மாடி அறைச் சாவியை என் மேசைமேல் வைத்தாய்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். போன மாதம் புதிதாக வந்திருக்கும் எழுத்தர் அம்மா வீடு தேடி வந்தார். வயது முப்பது இருக்கும். செருப்பை வாசலில் விடவா உள்ளே வைக்கவா என்று கேட்டபோதே இவர் அந்த அலுவலகத்தில் நீண்ட நாள் தாங்கமாட்டார் என்று தோன்றியது. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்ற ஆள் வந்திருக்கிறானாம், கனம் தாங்காமல் இரண்டு ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டனவாம். "சார், அதுல ரெண்டு பூட்டு இருக்கு. ஒண்ணோட சாவி எங்ககிட்ட இருக்கு. இன்னொண்ணு யார்கிட்டன்னு பதிவேட்டைப் பார்த்தேன். உங்க பேரு இருக்கு."

என் பேர்தான் இருந்தது. உனக்கு நினைவிருக்கும், நான் இரண்டு வருடம் குடியிருப்போர் பிரதிநிதியாக இருந்தேன். அலுவலகத்துக்காரர்கள் தங்களுக்குப் பிடிக்காத கடிதங்களை எடுத்துக் கிழித்துவிடுவார்கள் என்று சண்டை போட்டு, பெட்டிக்கு இரண்டாவது பூட்டு வாங்க வைத்தவன் நான். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். பிறகு சாக்கடை பற்றி நான் எழுதிய கட்டுரையை நான்கு வரியாக வெட்டி, அதையும் ரிப்பன் பேரில் மடலில் போட்டார்கள். விலகிவிட்டேன். நேரில் கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று, விலகல் கடிதத்தை அந்தப் பெட்டியிலேயே போட்டேன். மாதக் கடைசியில் திறக்கும்போது படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

சாவி என் மேசை இழுப்பறையில், பேனா வைக்கும் தகர டப்பாவுக்குள் இருந்தது.

நீயே யோசித்துப் பார். நான் இல்லாமல் திறக்க முடியாத பெட்டிக்குள், நான் இனி வரமாட்டேன் என்ற கடிதம். நான்கு வருடம்! அலுவலகத்தைக் கேட்டால், பிரதிநிதி வருவார் என்று காத்திருந்தோம் என்கிறார்கள். அதற்காக ஓர் ஆள் நம் வீட்டுக்கு வர முடியாதா? முந்நூறு அடி தூரம். பழைய எழுத்தர் தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் சாப்பிடப் போனார். பிதுங்கி வழிகிற அளவுக்கு நிறைந்ததும், துவாரத்தின் மேல் அட்டை ஒட்டினார்களே தவிர, ஏன் நிறைந்தது என்று ஒருவன் கேட்கவில்லை. நிரம்பிய பெட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரே ஓர் ஆட்சேபம் என்று மேடையில் வாசித்திருக்கிறார்கள்.

அவர்கள் வந்து கேட்கட்டும் என்று நானும் காத்திருந்தேன் என்பது உண்மைதான். நான் விலகிய மறுநாளே வேறு ஆளைப் போட்டுப் பூட்டை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, எழுந்துபோய்ப் பார்க்கவில்லை என்பது சரி. தெருவில் எல்லோரும் எங்கே கொடுப்பது என்று கேட்டபோது, வேலைக்குப் போகிறவர்கள் அலுவலக நேரத்தில் எப்படிப் போவீர்கள், பெட்டியில் போடுங்கள் என்று சொன்னது யார் என்று நினைக்கிறாய்?

திறந்தோம். எழுத்தர் அம்மா ஒரு பூட்டு, நான் ஒரு பூட்டு. தேதி குறித்து, பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அடியில் என் விலகல் கடிதம். அதன் மேல் மற்றவை. நிலையம் பற்றியவை மட்டும் முப்பத்தெட்டு. தையல்காரர் எழுதியிருக்கிறார். முட்டைக்கடைக்காரர், தன் கடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். கோழை என்று முடிவுகட்டி மூன்று வருடமாக நான் அவர் கடையை ஒதுக்கிவிட்டு, முட்டைக்கு இரண்டு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் எனக்கு வணக்கம் சொன்னார். நான் தலையைக்கூட அசைத்ததில்லை.

உன் கடிதம் நீல உறையில் இருந்தது. தேதி, கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது. எழுத்தர் அம்மா படித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் உரக்கப் படித்தார். எனக்கு இப்போது மனப்பாடம்.

'என் அண்ணன் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் விதி, சட்டம் எல்லாம் இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் வாசலிலிருந்து நிலையத்துக்கு அப்பா நடக்கும்போது கூடவே நடந்து எண்ணியிருக்கிறேன். இருநூற்றுப் பதினாறு அடிகள். நடுவில் ஒருமுறை நிற்பார். அதற்கு மேல் அவரால் முடியாது. என் அண்ணன் கோபக்காரர். கூட்டத்தில் கத்துவார். அதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பொய் சொல்ல மாட்டார்.'

எழுத்தர் அம்மா அடுத்த கடிதத்தை எடுத்தார். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவன் டிக்கெட் வாங்கிட்டுத்தான்டா ஏறினான். நீதான் செக்கிங்னு சொல்லி நடுவழியில இறக்கிவிட்ட" என்றார். இரவு சாப்பிடும்போது, அவனுக்கு எழுதிட்டியா என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். இது பத்தொன்பதாவது நாள்.

இனி நடக்கப்போவது: கெடுவுக்குள் இருபத்தைந்து ஆட்சேபங்கள் வந்திருந்தால் பொது விசாரணை வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. மாநகராட்சித் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். ரிப்பன் ஆட்கள் பழைய காகிதம், செல்லாது என்றார்கள். பட்டியலில் இருந்த கையெழுத்தைக் காட்டி எழுத்தர் அம்மா விட்டுக்கொடுக்காமல் நின்றார். கடைசியில் விசாரணைக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து மணி, அதே மண்டபம். மடலில் இது வரவில்லை, வராது. ஆகையால் நானே தாளில் எழுதி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் முட்டைக்கடைக்குப் போனேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு, அரை டஜனா ஒரு டஜனா என்று மட்டும் கேட்டார்.

எழுதியவர்களில் ஐந்து பேர் வீடு மாறிவிட்டார்கள், இருவர் இறந்துவிட்டார்கள். மற்றவர்களில் இருபத்தொன்பது பேர் வருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். எனவே எண்ணிக்கைக்காக நீ வரத் தேவையில்லை. எண்ணிக்கைக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று எழுதிவிடலாம் என்று பார்த்தேன். மெய்ப்புப் பார்க்கிற கை, விடவில்லை.

அங்கே ஒவ்வொரு கடிதத்தையும் படிப்பார்கள். எழுதியவர் எழுந்து நின்று, இது நான் எழுதியது என்று சொல்ல வேண்டும். யாரும் எழாவிட்டால் அந்தக் கடிதத்தைத் தள்ளுபடி செய்து ஓரமாக வைப்பார்கள். நீல உறையை அப்படி ஓரமாக வைப்பதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. உன் வார்த்தையை ஒருமுறை தள்ளியாயிற்று. அதைச் செய்தது ரிப்பன் இல்லை.

என்னிடம் இருக்கக் கூடாத சாவிகள் இரண்டு இருந்தன. ஒன்றை எழுத்தர் அம்மாவிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். மற்றது இந்த உறைக்குள் இருக்கிறது, மாடி அறையுடையது. உன் அண்ணி நேற்று அறையைப் பெருக்கித் துடைத்தாள். படிக்கட்டில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கைப்பிடி இல்லை. அதற்கு ஆள் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடுவான்.

குழந்தைக்கு என் ஆசிகள். உன் மனைவியிடம், படிக்கட்டில் அவள் கேட்க நேர்ந்தவற்றை நான் மறக்கவில்லை என்று சொல். பதிமூன்றாம் தேதி மாலையே வந்துவிட்டால், மறுநாள் காலை அப்பாவை மண்டபத்துக்கு மெதுவாக நடத்திக் கூட்டிப்போகலாம். அடிகளை எண்ண நீ கூட இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்