வெள்ளிக்கிழமை லோடு

நகரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் புருஷோத்தமனுக்கு நைனா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீ குவைத் வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிட்டால் அதுவே எங்களுக்குப் போதும். கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள், பிரெண்ட்ஸோட லாரி கேம் ஆடிக்கினு இருக்கேன் நைனா, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். உனக்கு லீவு வெள்ளிக்கிழமை ஒன்றுதான், அன்றைக்கும் இப்படி. கங்கையா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான், அவனிடம் இதையும் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் அந்த லாரி கேம் ஓட என்னென்ன மாற்ற வேண்டும், நாகலாபுரத்து மாமா கேட்கிறார் என்று மூன்று தடவை உன்னைக் கேட்டேனே, கேட்டது நான்தான். நீ விட்டுப்போன பெட்டிக்குத்தான். கேட்டுவிட்டு நீ சொன்னபடி செய்தேனா என்றால் அதுவும் இல்லை. முதலில் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் டப்பா எத்தனை வாட்டு என்று பார், அப்புறம் கார்டு வாங்கு என்றாய். முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்குப் பெரிய இன்ஜின்தானே கண்ணில் படும், திருப்பதிக் கடையில் இரண்டு ஃபேன் வைத்த பெரிய கிராபிக்ஸ் கார்டாகப் பார்த்து எடுத்தேன். கடையில் கல்பனா என்று ஒரு பெண், எஸ்எம்பிஎஸ் எவ்வளவு என்று கேட்டது, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாம் பெரிசுதாம்மா என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் பெட்டி மூடவில்லை, மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால் கேமில் லாரி ஸ்டார்ட் ஆகி கேட்டைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டரே அணைந்துபோகிறது. புது வண்டிக்குச் சுற்றுகிற மாதிரி எலுமிச்சம்பழம்கூடச் சுற்றிப் பார்த்தேன். உன் அம்மா, வண்டிய வுட்டும் இந்த மனுசனுக்கு லாரி புத்தி போவல, பொம்ம லாரி ஓட்டிக்கினு குந்தியிருக்கான் என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

மறுநாள் பெட்டியையே மூட்டை கட்டிப் பஸ்ஸில் தூக்கிப்போனேன். கல்பனா திட்டவில்லை பாவம், உள்ளே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, இது இருநூத்தம்பது வாட்டுதான் பெத்தய்யா, அந்தக் கார்டு கேக்கற கரண்ட இதால குடுக்க முடியாது என்றது. பெரிய கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தனி ஒயர் வேண்டாத சின்னக் கார்டாக மாற்றிக் கொடுத்தது, இப்போது மூடியும் மூடுகிறது. ராம் என்கிற மெமரிப் பலகை மட்டும் நான் பழையதைச் சட்டைப்பையில் போட்டுப் போய்க் காட்டி வாங்கினேன், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற மாதிரி, அது முதல் தடவையே உட்கார்ந்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா. கேமில் எனக்கு ஒரு பெயரும் கல்பனாவே போட்டுக் கொடுத்தது, துலுக்காணம் லாரி சர்வீஸ். இடது கால் மரத்துப்போய் வண்டியை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது, இதில் கிளட்ச் மிதிக்கவே வேண்டாம் என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எட்டு வயதில் ஒவ்வொரு தடவையும் ரயில்வே கேட் வரைக்கும் என் லாரி பின்னால் ஓடி வருவாய். ஒரு லோடு என்னையும் கூட்டிக்கினு போ நைனா என்பாய். அடுத்த லோடு என்பேன். கண்ணாடியில் நீ அழுவது தெரியும், நேரமாகிறது என்று நிறுத்தாமல் போய்விடுவேன். அந்த அடுத்த லோடு வரவேயில்லை, நீ பெரியவனாகி விமானம் ஏறிவிட்டாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அதற்குத்தான் இவ்வளவும்.

ராத்திரி கண் முழிக்காதே, தண்ணீர் நிறையக் குடி. வரும் வெள்ளிக்கிழமை நம் ஊர் நேரம் சாயந்திரம் ஐந்து மணிக்கு நான் கேமில் இருப்பேன், உன் சிநேகிதர்களிடம் கிழவன் என்று சொல்லாதே, புது டிரைவர் என்று சொல். நீ நூறு வயசு நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டு, நான் பின்தங்கினால் நிறுத்து. என்னைப் போல் போய்விடாதே.

உன் நைனா,
துலுக்காணம்