அளவு ரவிக்கை

திருத்தணி,
25-4-1985.

என் செல்லத் தங்கை கமலாவுக்கு, உன் அக்கா கன்னியம்மாள் ஆசையோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். சித்திரை வெயில் வறுத்தெடுக்கிறது. என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் பாவாவுக்கு, முதுகெல்லாம் வியர்க்குரு. பவுடர் போட நான், விசிற நான், புலம்பலைக் கேட்கவும் நான். நீயும் மாப்பிள்ளை வேணுவும் குழந்தைகளும் பம்பாயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து இதைப் படி.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் எனக்குத் தையல் மெஷினில் கால் ஓடவில்லை. மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன், மே பதினைந்தாம் தேதி நாள் குறித்தாகிவிட்டது, வேணுவிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். சின்னவளுக்குப் பால் மறக்கடித்த பிறகு உடம்பு வற்றிவிட்டது, நான் தைத்து அனுப்பும் ரவிக்கைகூடத் தொளதொளவென்று நிற்கிறது, கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றும் எழுதியிருந்தாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் சொல்லாமல் பாவாவிடம் எரிந்து விழுந்தேன். பிறகு யோசித்தேன். இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள் நான். கண்ணாடி முன்னால் யார் எதற்குப் பெருமூச்சு விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன்னைத் திட்டுவதை விட்டு, விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன்.

பள்ளிப்பட்டு ஜெயம்மாளை நினைவிருக்கிறதா? நம் பெரியப்பா வழிச் சொந்தம். மெட்ராஸில் பெரிய நர்ஸ் ஆகிவிட்டாள். இந்த மாதிரி ஆபரேஷன் நடக்கும் வார்டில்தான் வேலை. கிருத்திகை தவறாமல் இங்கே முருகன் மலைக்குப் படியேற வருவாள். திங்கட்கிழமை நானும் கூடவே ஏறினேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என்னிடம் துணி தைக்கிற ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்றேன். "ஆங், இதைக் கேக்குற எல்லாருக்கும் யாரோ ஒருத்தி இருக்குறா. ஏறிகினே கேளு" என்று சிரித்தாள்.

அவள் படிக்குப் படி கற்பூரம் ஏற்றிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உள்ளே வைப்பது சிலிகான் என்ற பசையை அடைத்த பையாம். "ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னு எந்த டாக்டர் சொன்னாலும் நம்பாத. சிலருக்கு அதைச் சுத்தித் தோல் கட்டிகினு கல்லாட்டம் இறுகிடும், வலிக்கும். கிழியவும் கிழியும். அப்போ மறுபடியும் கத்திதான்" என்றாள். தொடு உணர்ச்சி குறையலாம், தழும்பு இருக்கும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதுதான் நல்லது, பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம். மார்பில் கட்டி எதுவும் இல்லையென்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் குடம் தூக்கக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது. உன் சின்னவள் இடுப்பை விட்டு இறங்குவாளா, நீயே சொல்.

இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற டாக்டரிடமும், சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்துகிற டாக்டரிடமும் போகவே வேண்டாம் என்றாள். செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறவர்களும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். எங்களுக்குப் பின்னால் காவடியோடு வந்த பெரியவர் அரோகராவை மறந்து எங்கள் பேச்சையே கேட்டுக்கொண்டு வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் எங்களை ஒரு பார்வை பார்த்தார், பார்!

சரி, இனி நான் எழுதப் போவதற்கு என்னை நீ அடிக்கலாம்.

மறுநாள் காலையில் தாயம்மாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கிறாளே, அவள்தான். கையில் பழைய ரவிக்கை ஒன்று. பெட்டியின் அடியில் கிடந்ததாம். "நீ இப்போ தைக்கிறது எல்லாம் மூச்சு முட்டுது, அதே நீ அப்போ தைச்ச இது மட்டும் எப்பிடிடி லூசா இருக்குது?" என்று கேட்டாள். அதையும் அவள் போட்டிருந்த புதியதையும் டேப் வைத்து அளந்தேன். மூன்று இஞ்சு வித்தியாசம். ஆணியில் அவள் பெயர்ச் சீட்டோடு தொங்கிய அளவு ரவிக்கையை எடுத்துப் பார்த்தேன். கைப்பட்டியில் பச்சை நூல். நீ கல்யாணத்துக்கு முன்னால் உன் கையால் போட்ட கோணல் தையல்.

போன வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பாவா அளவு ரவிக்கைகளை எல்லாம் இறக்கினார். கழன்று விழுந்த சீட்டுகளைத் தன் இஷ்டத்துக்குக் குத்தி மாட்டிவிட்டார். ஆளைப் பார்த்துத் தைக்காதே, அளவு ரவிக்கையைப் பார்த்துத் தை என்பது என் சட்டமாயிற்றே. அதனால் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தாயம்மாளுக்கு உன் அளவு, உனக்குத் தாயம்மாள் அளவு! விஷயம் தெரிந்ததும் அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "இட்லிக் கடை வெச்சிகினு இட்லியைத் தொடாம இருந்தேனேடி! இளைக்கணும்னு தெனம் மலை ஏறிகினு இருந்தேனே! முருகனே என்னைப் பாத்துப் பாத்துச் சலிச்சிருப்பான்!" என்றாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மத்தியானம் அவள் கடையில் ஒன்பது இட்லி சாப்பிட்டாளாம்.

ஆனால் அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் கைத் துணியைப் போட்டுக்கொண்டு நீ அங்கே அழுதிருக்கிறாயே கமலா. என்னை மன்னித்துக்கொள்.

ரவிக்கை சரியானால் உன் மனசும் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நீ அழுதது வெறும் துணிக்காகத்தான் என்றால், இத்தோடு விடு. அதற்கு முன்பிருந்தே உனக்கு இந்த ஆசை உண்டென்றால், அது உன் உடம்பு, உன் விருப்பம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேணுவிடம் சொல். ஜெயம்மாள் சொன்ன கேள்விகளை டாக்டரிடம் ஒன்று விடாமல் கேள். குழந்தையைத் தூக்க, குடம் தூக்க நான் இருக்கிறேன். மே ஆறாம் தேதி அரக்கோணத்தில் ரயில் ஏறுகிறேன். பாவாவுக்குத் தண்டனையாக ஒரு மாதம் அவரே சமைத்துச் சாப்பிடட்டும்.

என் கண்ணே, நீ நூறு வயசு நன்றாக இருப்பாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்து, உன்னை முன்னால் நிறுத்தி, என் கையால் டேப் பிடித்துப் பார்க்கும்வரை, எந்த டாக்டரிடமும் அளவு கொடுத்துவிடாதே.

உன் அக்கா,
கன்னியம்மாள்.