சாமியறையில் தளபதி

மார்ச் 29, 2026, ஞாயிறு

பல்லிக்கு ஓங்கிய தும்புத்தடி, சாமியறையில் தொங்கிய மாமியின் அப்பாவில் பட்டுவிட்டது. கண்ணாடி சுக்குநூறு. பல்லி சுகமாயிருக்கிறது.

மாமி கமலாதேவி பிறக்க முதலே, நாற்பத்திரண்டில், சீனன்குடா விமானத்தளத்தில் யப்பான்காரன் போட்ட குண்டில் அவர் போய்விட்டார். அங்கே காவலாளி. மாமி கண்ட அப்பா இந்தப் படம் மட்டும்தான். ஏப்ரல் பதினோராம் திகதி திவசம். அதற்குள் கண்ணாடி மாற்றாவிட்டால் எனக்கும் சேர்த்துத் திவசமாம். மாமியின் மகள், என் மனைவி பிரசாந்தினியின் அறிவித்தல்.

மார்ச் 31

சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் அடியில் ஒட்டிய கடதாசித் துண்டு பின்னால் மடிந்து கிடந்தது. ஆங்கிலத் தட்டச்சு: பத்திரிகைகளுக்கு மட்டும். பிறகு ஒரு தளபதியின் பெயர். சரித்திரப் புத்தகத்தில் வருகிற வெள்ளைக்காரன்! 1944.

நாற்பத்திரண்டில் செத்தவர் நாற்பத்துநாலில் படமெடுக்க ஏலுமோ?

இருபத்தாறு வருடம் இவனைக் கும்பிட்டிருக்கிறேன். வடை படைத்திருக்கிறேன். தொண்ணூறில் மாமி குடும்பம் இடம்பெயர்ந்தபோது மழையில் நனைந்து, பிறகு சாம்பிராணிப் புகையும் பிடித்து, ஆள் எங்கள் நிறத்துக்கே வந்துவிட்டான். காவலாளிக்கு நெஞ்சு நிறையப் பதக்கம் ஏனென்று ஒருவரும் கேட்கவில்லையே! நானோ, பெண் பார்க்க வந்த அன்றே, "பொம்பிளைக்கு அம்மப்பாவின்ர மூக்கு அப்பிடியே" என்று வழிந்தவன்.

ஏப்ரல் 2

மாமியின் தாய்தான் மாட்டினாவா? தெரிந்தா, தெரியாமலா? மாமியிடம் சொல்வதா? எண்பத்துமூன்று வயதில் ஒருவரைத் தகப்பன் இல்லாமல் ஆக்கி— எனக்கென்ன விசரா?

ஊர்க்கதை முழுக்க என் வாயால்தான் போகும். இதை மட்டும் நாட்குறிப்போடு நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 4

கடதாசியைப் பழையபடி மடித்து, படத்தைச் சட்டம் போடும் ஜமால்தீனிடம் கொடுத்தேன்.

"ஆர் சேர் இது?"

"மாமியின்ர தகப்பன்."

"பெரிய உத்தியோகம் போல!"

ஏப்ரல் 10

ஜமால்தீன் தொழிலில் சுத்தம். மடிப்பை நீவி, ஒட்டி, எழுத்து முழுக்கத் தெரியச் சட்டம் போட்டிருக்கிறார். "பேர் மறைஞ்சு கிடந்தது, சேர். இப்ப எல்லாருக்கும் விளங்கும்."

பிரிக்க ஏலாது, கிழியும். மறைக்கவும் வழியில்லை, மாமி வாசல் படலையிலேயே நின்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 11, சனி

திவசம். படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பினால், மாமி மூக்குக்கண்ணாடியோடு பக்கத்தில். முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் ஆங்கிலத் தட்டச்சு அடித்த மனுசி. அடி எழுத்தை ஒருதரம் வாசித்தார். இன்னொருதரம். நான் வாழையிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதுதான் தெரியுமா, எப்போதோ தெரியுமா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"தம்பி, மாலையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்கோ."

இறக்கினேன். எழுத்து மறைந்தது.

"சரியோ, மாமி?"

"ஓம். சோத்தைக் கொண்டு வாங்கோ. அப்பாவுக்குப் பசிக்கும்."