மூன்று மலைப்பாம்புகளின் சாவு: முதல் புகாரைத் திரும்பப் பெறும் மனு

அனுப்புநர்:
வென்டல் ஸ்ட்ரவுஸ் (வயது 63),
14-அ, பிரிக்யார்ட் தெரு,
கார்விக், ஒஹையோ.

பெறுநர்:
விலங்கு பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
வெக்ஸ்டன் மாவட்ட அலுவலகம்,
கார்விக்.

பொருள்: என் வளர்ப்புப் பாம்புகள் திடீரென இறந்தது குறித்துத் திருமதி இலோனா பார்டோஸ் மீது அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல், நோயுள்ள பாம்பை விற்றவரைத் தேடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 20.01.2025 நாளிட்ட எனது புகார்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் டயர் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தனியாக வசிக்கிறேன். பெட்டூனியா, சார்ஜென்ட், ரூபி என்ற மூன்று மலைப்பாம்புகளை வளர்த்து வந்தேன். மூத்தவளான பெட்டூனியா என்னிடம் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தாள்.

2. கடந்த ஜனவரி 14 காலை ரூபி தலையைப் பின்னுக்கு மடக்கி, வயிறு மேலே தெரியக் கிடந்தாள். திருப்பிவிட்டாலும் மீண்டும் புரண்டாள். மதியத்துக்குள் உயிர் போயிற்று. மறுநாள் சார்ஜென்ட். அதற்கு மறுநாள் பெட்டூனியா, என் முன்கையைச் சுற்றியிருந்தபடியே இறந்தாள். பிடி தளர்ந்ததை வைத்துத்தான் அறிந்துகொண்டேன்.

3. கூண்டுகளுக்குச் சூடேற்றும் பலகையை மூன்று வெப்பமானிகள் வைத்துச் சோதித்தேன். தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. தண்ணீர், தரைவிரிப்பு, மின்கம்பி எதிலும் குறையில்லை. இரைக்கான எலிகளை எனக்கு விற்ற கடைக்காரரின் பாம்பும் அதே பொட்டலத்து எலியைத் தின்றது; அது நன்றாகவே இருந்தது. எஞ்சியது விஷம் ஒன்றுதான் என்று முடிவு செய்தேன்.

4. திருமதி பார்டோஸ் என் வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் மறுபாதி வீட்டில் வசிப்பவர்; பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஜனவரி 11 அன்று அவர் பக்கத்திலிருந்து பூச்சிமருந்து வாடை வந்தது. கேட்டபோது அவர் சொன்னது இது: "கரப்பானுக்குத்தான் அடிச்சேன் மிஸ்டர் ஸ்ட்ரவுஸ். உங்க பாம்புக்கு அடிக்கணும்னா கதவைத் தட்டிட்டுத்தான் வருவேன்." இவ்வாக்கியத்தை நான் மிரட்டல் என்று என் புகாரில் எழுதியிருந்தேன். சொல்லும்போது அவர் சிரித்தார் என்பதை எழுதவில்லை.

5. தங்கள் ஆய்வாளர் இருமுறை அவர் வீட்டுக்குச் சென்றார். விலங்குக் கொடுமைப் புகார் நிலுவையில் உள்ளவர் குழந்தைகளை ஏற்றிச் செல்லலாகாது என்று பள்ளி நிர்வாகம் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு விபத்தும் இல்லாதவர் அவர்.

6. உடற்கூறு ஆய்வின் முடிவு பிப்ரவரி 10 அன்று கால்நடை மருத்துவர் ரெஜினா க்விக்லியிடம் வந்தது. மூன்று உடல்களிலும் பூச்சிமருந்து சிறிதும் இல்லை. இருந்தது ஒரு வைரஸ். மலைப்பாம்பைப் போலவே தோன்றினாலும் வேறு இனமான போவாப் பாம்புகள் சில இதை நோயின் அறிகுறியே இல்லாமல் நெடுங்காலம் சுமக்குமாம். மலைப்பாம்புகளுக்குத் தொற்றினால் மூளையைத் தாக்கி விரைவில் கொல்லுமாம். பார்வைக்கு விஷம் ஏறியது போலவே இருக்குமாம். புதிதாகப் பாம்பு ஏதும் வாங்கினேனா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். "வென்டல், நான் போலீஸ் இல்ல. செத்துப்போனதுங்களுக்காகக் கேக்கறேன்" என்றார். அதன்பின் சொன்னேன்.

7. தங்களிடமும் சொல்கிறேன். அக்டோபர் 12 அன்று ஊர்வன கண்காட்சியில் ஒரு போவா வாங்கினேன். புதிய பாம்பைத் தொண்ணூறு நாள் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பின்னறை குளிர்கிறதே என்று ஒன்பதாம் நாளே மற்றவற்றோடு ஒரே அறையில் வைத்தேன். ஒரே இடுக்கியால் எல்லாவற்றுக்கும் இரை கொடுத்தேன். நவம்பரில் தண்ணீர்க் கிண்ணத்தில் கரும்புள்ளிகளாய்ச் செள்ளுப்பூச்சிகள் மிதந்தன, பாம்புக்குப் பாம்பு இரத்தம் குடித்து நோய் பரப்புபவை; கழுவி ஊற்றிவிட்டு மறந்தேன். தங்கள் படிவத்தின் ஏழாம் கேள்வி, கடந்த ஆறு மாதங்களில் புதிய விலங்கு வந்ததா என்பது. "இல்லை" என்று எழுதினேன். தவறுதலாக அல்ல. எந்தக் கேள்வியில் குற்றம் தன் பக்கம் திரும்பும் என்பது பரிசோதகனுக்குத் தெரியும். போவாவின் இரத்தத்திலும் அதே வைரஸ் உள்ளது. அது நன்றாக இரை எடுக்கிறது. இப்போது தனியே பூட்டி வைத்திருக்கிறேன்.

8. விற்றவர் தம் பெயர் ரே என்றார். "கூண்டுல பொறந்தது, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். அவர் தந்த எண் இப்போது இயங்கவில்லை. அவர் மேசையில் மேலும் பதினொரு போவாக்கள் இருந்தன. மலைப்பாம்பு ஒன்றுகூட இல்லை. நோய் இருப்பதை அறிந்தே விற்றாரோ என்று ஐயுறுகிறேன். என் ஐயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தாங்கள் இதற்குள் அறிந்திருப்பீர்கள். ஆயினும் அந்தப் பதினொன்றும் யார் யார் வீட்டுக்குப் போயின என்று விசாரித்து அவர்களை எச்சரிக்க வேண்டுகிறேன்.

9. பிப்ரவரி 12 அன்று மன்னிப்புக் கேட்கத் திருமதி பார்டோஸ் வீட்டுக்குச் சென்றேன். அவர் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே, "எழுத்துல சொன்னீங்க. எழுத்துலயே திரும்ப எடுங்க" என்றார். அதன்படியே இம்மனு.

10. எனவே என் முதல் புகாரைத் தள்ளுபடி செய்து, அவர் மீது குற்றம் ஏதும் இல்லை என்பதைப் பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர் வேலை குறித்த விசாரணை பிப்ரவரி 27 அன்று நடக்கிறது. அதற்கு முன் தங்கள் கடிதம் அங்கே சேர வேண்டும். பொய் எழுதியதற்கு என் மீது எடுக்கும் நடவடிக்கையை ஏற்கிறேன். அதற்கு அவசரமில்லை, அவருடையதை முதலில் முடியுங்கள்.

11. இம்மனுவின் முன்வரைவை அவர் பார்வைக்காகக் கதவிடுக்கில் செருகியிருந்தேன். மறுநாள் என் வாசலில் கிடந்தது. "எனினும் அவர் அடித்த மருந்து பாம்புகளை ஓரளவு பலவீனப்படுத்தியிருக்கலாம்" என்று நான் எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "இன்னும் விடலையா?" என்று எழுதியிருந்தார். மருந்தே இல்லை என்ற ஆய்வறிக்கை என் மேசையில் இருக்கும்போதுதான் அந்த வரியை எழுதினேன். இப்போது நீக்கிவிட்டேன். நான் எப்படிப்பட்ட புகார்தாரர் என்பது தங்கள் கோப்பில் இருக்கட்டும் என்று அந்தத் தாளையும் இணைத்துள்ளேன்.

இடம்: கார்விக்
நாள்: 21.02.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) வென்டல் ஸ்ட்ரவுஸ்

இணைப்பு: ஆய்வறிக்கை (3 பக்கம்), அடித்துத் திருப்பித் தரப்பட்ட முன்வரைவு (1 தாள்).
நகல்: திருமதி இலோனா பார்டோஸ், 14-ஆ, பிரிக்யார்ட் தெரு.