இடக்கன்னத்து மச்சம்

என் உயிரானவருக்கு,

நீங்கள் பாரிஸுக்கு வரவேண்டாம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. புரட்சிக் கமிட்டிக்காரர் கிரிவேயின் மனைவி தினமும் சூப் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நம் கூடத்தில் மாட்டியிருந்த உங்கள் பக்கவாட்டுப் படம் நினைவிருக்கிறதா? செதுக்குகிறவர் பார்த்தபடியே செம்புத் தகட்டில் செதுக்கிவிட, அச்சில் முகம் திரும்பி, உங்கள் வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்துக்குப் போய்விட்டதே! "இருந்துட்டுப் போகட்டும், இந்தப் பக்கந்தான் அழகா இருக்கேன்" என்று சிரித்தீர்கள். நீங்கள் தப்பிப் போனபின் கிரிவே அதைக் கழற்றிக்கொண்டுபோய் நகர வாசலில் ஒட்டிவிட்டார்.

நேற்று என்னை அங்கே கூப்பிட்டு, பிடித்துவைத்திருந்த ஓர் ஆளைக் காட்டினார். அப்படியே உங்கள் மூக்கு. இடக்கன்னத்தில் ஒரு மச்சம்.

"குடிமகளே, இவன்தானே உன் புருஷன்?"

"அம்மா, என்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லுங்கம்மா" என்று அந்த மனிதர் கெஞ்சினார்.

"நடிக்கிறான் பாரு! சரி, இவன் இல்லேன்னா உன் புருஷன் எங்கேன்னு நீயே சொல்லிடு" என்றார் கிரிவே.

நான் அந்த மனிதரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை மட்டும் பொய்யில்லை.

இன்று காலை கில்லட்டினில் எல்லாம் முடிந்துவிட்டது. கறுப்பு உடுத்தியிருக்கிறேன். அவருக்காக ஜெபிக்க உட்கார்ந்தால், சொல்வதற்குப் பெயர் தெரியவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் சொந்தப் புருஷனிடம் யாராவது பெயர் கேட்பார்களா?

இப்படிக்கு,
உங்கள் விதவை