பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

மார்ச் 2

சின்னக்கைக்கு,

நலம்தானே? நீ உன் அக்கா வீட்டுக்குப் போன பிறகு இங்கே ஒரு செல்லோதான் கேட்கிறது.

எங்கள் இசைக்குழுவில் காலியான இடத்துக்கு நடக்கும் தேர்வில் நீயும் வாசிக்கப் போகிறாயாமே. செல்லோ வரிசைக்குத் தலைவன் என்ற முறையில் நானும், வாசிப்பவர் முகம் தெரியாதபடி கட்டிய திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டு ஓட்டுப் போடுவேன். யார் வாசிப்பதென்று தெரிந்துவிட்டால் எழுந்து வெளியே போக வேண்டும், அதுதான் விதி. உனக்கு ஒரு ஓட்டு போய்விடும்.

தேர்வுக்கான இசையின் நாலாவது வரியில் நீ விரலை நீட்டாமல் கையையே கீழே இறக்குவாய். அந்தச் சின்ன வழுக்கல் சத்தம் போதும், நீதான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று இசைத்தாளில் பென்சிலால் எண் போட்டு அனுப்பியிருக்கிறேன். அப்படியே வாசி. உன் நல்லதுக்குத்தான்.

உன் கணவன்

மார்ச் 9

வரிசைத் தலைவருக்கு,

தாள் வந்தது. ரப்பர் வைத்து அழித்துவிட்டேன்.

செல்லோ என்ன வயலினா? அந்த நீளக் கழுத்தில் உங்கள் சுண்டுவிரல் எட்டும் இடத்துக்கு என்னுடையது எட்டாது. "நீட்டு, இன்னும் கொஞ்சம் நீட்டு"ன்னு பக்கத்திலேயே நிப்பீங்க. நான் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். வீட்டை விட்டு வந்தது அதனால்தான். சமையல் சண்டை என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களாமே, நன்றாக இருக்கிறது!

கையை இறக்கித்தான் வாசிப்பேன். உங்கள் ஓட்டு போனால் போகட்டும். உங்கள் விரலை மாட்டிக்கொண்டு கிடைக்கிற நாற்காலி எனக்கு வேண்டாம்.

கோபத்துடன்,
உங்கள் மனைவி

மார்ச் 23

சின்னக்கைக்கு,

தேர்வான செய்தி வந்திருக்கும். நாலாவது வரி வந்ததும், "இவங்களை எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு எழுந்துவிட்டேன். மீதியை நடைவழியில் நின்று கேட்டேன். உள்ளே எல்லாரும் உனக்கே கை தூக்கினார்களாம். கதவு வழியாகக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் பக்கத்து நாற்காலிதான் உனக்கு. இரண்டு பேருக்கும் ஒரே தாள். வீட்டுக்கும் வந்துவிடேன்.

உன் கணவன்

மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

நாற்காலிக்கு வருகிறேன். வீட்டைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

வில்லை இழுப்பதா தள்ளுவதா என்று நீங்கள் சொன்னால் கேட்பேன். வரிசை முழுக்க வில் ஒன்றாகப் போக வேண்டும், அது வேலை. விரல் என்னுடையது. திங்கட்கிழமை ஒத்திகையில் அந்தத் தாளில் என் விரலுக்கென்று ஒரு எண் இருந்தாலும் எல்லார் முன்னாலும் ரப்பரை எடுப்பேன்.

நன்றாக இருந்தது என்பதைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னால் எனக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
சின்னக்கை