பாட்டுக்கு எழுந்திருக்காதவர்கள்

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

ஞாயிறு மாலை ஆராதனையில் தூங்கி விழுந்த பெண்களைப் பிரசங்க மேடையிலிருந்து கேலி செய்து, சபை முழுவதையும் சிரிக்க வைத்தவர் நீங்கள்தான். "கடைசி பெஞ்சுக்கு மட்டும் ஆமென்னைக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எந்திரிக்கட்டும்" என்றீர்கள். துணிக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண்கள் காலையிலிருந்து அவர் கடையில் நின்ற காலோடு வந்தவர்கள். கடையில் ஆளே இல்லாத நேரத்திலும் அவர்கள் உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு என்னிடம்தான் வருகிறார்கள். அந்தக் கால்களைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது? பயிற்சி செய்கிறாளா, இல்லை "செஞ்சிட்டேன்" என்று உங்களிடம் சொல்லிவிட்டு டிவி பார்க்கிறாளா?

உங்களுக்கு மாற்றல் வந்த பிறகு இங்கே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. நம் மெதடிஸ்ட் சபையில் சமூக நீதிக் குழு தொடங்கிவிட்டோம். முதல் கூட்டம் ஞாயிறு பள்ளி அறையில். குழந்தைகளின் நாற்காலிகள்தான் இருந்தன. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். 'கருணைக் கரங்கள்' என்று பெயர் வைக்கலாம் என்றார் பாடகர் குழுத் தலைவர். கடையில் வேலை செய்யும் நெட்டை அக்கா, "கருணை வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பொட்டலமா வந்துடுதுண்ணே. உட்கார ஒரு ஸ்டூல்தான் வரல" என்றாள். புதுப் போதகர், "நீதின்னே இருக்கட்டும். சொல்லச் சொல்லப் பழகிரும்" என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்.

ஸ்டூல் கேட்கப் போன எங்களுக்குத் துணிக்கடைக்காரர் குளிர்பானம் கொடுத்தார், ஸ்டூல் கொடுக்கவில்லை. அதனால் அடுத்த ஞாயிறு, சபையே எழுந்து நின்று பாடும் முதல் பாட்டுக்குக் கடைப் பெண்கள் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பாட்டு தொடங்கியது. முன் பெஞ்சிலிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எங்கள் வீராங்கனைகள் ஒவ்வொருத்தியாக எழுந்துவிட்டார்கள். நெட்டை அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆர்கன் வாசிப்பவரும் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் உட்காருகிறவர், இருந்தாலும் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். இரண்டாவது சரணத்தில் பாடகர் குழுத் தலைவர், கருணைக் கரங்கள் என்றாரே அவர், சட்டென்று உட்கார்ந்தார். அவர் பின்னால் பாடகர் குழு. பிறகு பெஞ்சு பெஞ்சாகக் கிரீச் சத்தம். எழுந்த பெண்களும் மறுபடி உட்கார்ந்தார்கள். கடைசிச் சரணத்தைத் துணிக்கடைக்காரர் தனியாக நின்று பாடினார். குரலில் குறை சொல்ல முடியாது.

அந்த வாரமே கடைக்கு ஸ்டூல்கள் வந்தன. பில் போடும் பெண், "உட்கார்ந்தா வெக்கமா இருக்குடி, யாரோ திட்டப்போறாப்ல" என்று என்னிடம் சிரித்தாள். இப்போது ஞாயிறு மாலையில் யாரும் தூங்குவதில்லை. பிரசங்கம் நீளம் என்று குறை வேறு சொல்கிறார்கள். நீங்கள் ஆசைப்பட்ட சபை இதுதானே?

ஆனால் துணிக்கடைக்காரர் நெட்டை அக்காவைக் குடோனுக்கு மாற்றிவிட்டார். தனியாக மூட்டை இறக்குகிறாள். ஸ்டூல்களும் இப்போதைக்குத்தானாம். கேட்டால், "பழைய அய்யா, உங்கப்பா, சபை ஆண்டு விழாவுக்குப் பிரசங்கம் பண்ண வராரு இல்ல? நான் செஞ்சது தப்புன்னு அவர் காட்டட்டும், அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கறேன். அதுவரைக்கும் பேச்சு வேணாம்" என்கிறார். நீங்கள் அவர் பக்கம் என்று அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

போனில் இதைக் கேட்டேன். உங்கள் ஊரில் மழை நன்றாகப் பெய்கிறது என்று சொன்னீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வரும்போது என் அறையிலேயே தங்குங்கள். உங்களுக்கு உயரத் தலையணை வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவையும் கூட்டிவாருங்கள். அவள் உட்கார்ந்துகொள்வாள், முட்டி வலி என்று சாக்கு இருக்கிறது. உங்களுக்கு எந்தச் சாக்கும் வேண்டாம்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். அன்றைக்கு முதல் பாட்டுக்கு எழுந்திருக்காதீர்கள், அப்பா. சபை பார்க்க, அவர் பார்க்க, மேடை நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள். உட்காருவேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி மகள்

பி.கு.: இது இரண்டாவது கடிதம். முதலாவது கிடைத்ததா?